ஒட்டக் கூடாத வெள்ளி

வேலையை விட்டு வந்த பிறகாவது மனிசர் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன். விட்டால்தானே!

போன மாதம் கவிதா எனக்குப் போன் எடுத்தாள். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, இங்கேயே வேலை எடுத்து, லண்டன் ஸ்ட்ரெதமில் குடியிருக்கிற பிள்ளை. பழைய உலோகப் பொருட்களைப் பழுதாகாமல் பேணுகிற வேலை. நான் வேலை செய்த அதே மியூசியம். நான் முதலில் இருந்த மேசையில்தான் இப்போது அவள் இருக்கிறாள்.

"ஆன்ட்டி, கேலரிய மாத்தப் போறாங்க. அந்த இளவரசி காப்பு இருக்கில்ல, அதுல நீங்க பெரிய சண்டை போட்டீங்களாமே. என்ன நடந்துச்சு? சும்மா சுருக்கமா சொல்லுங்க."

செவன் கிங்ஸில் என் வீட்டுக் குசினியில், அடுப்படியில் நின்றபடியே எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "பிள்ளை, முதல் அதைக் காப்பெண்டு சொல்லுறதை நிப்பாட்டு. இளவரசியும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. சுருக்கமாச் சொல்லவும் ஏலாது," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள். ஆனால் வைத்த பிறகும் கோபம் அடங்கவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அடங்கவில்லையே என்று அதற்கு வேறு கோபம். ஆகவே நீட்டி எழுதுகிறேன்.

மியூசியத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். லண்டனில் மியூசியங்களுக்குப் பஞ்சமா? ஒரு காலத்துப் பணக்காரர் ஊர் ஊராகப் போய் அள்ளிக்கொண்டு வந்ததை வைத்துத் தொடங்கிய இடம் என்றால் போதும். யாரைக் கேட்டு அள்ளினார் என்பது வேறு வழக்கு.

நான் யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்தவள். பாரிசில் கொஞ்சக் காலம் ஹோட்டல் கட்டில்களுக்கு விரிப்பு மாற்றினேன். பிறகு லண்டன், மறுபடி படிப்பு, பயிற்சி, தற்காலிக வேலை, நிரந்தர வேலை. அந்தக் கதை இங்கே வந்த எல்லாரிடமும் ஒன்று இருக்கிறது, விடுவோம்.

என் மேலதிகாரி ரோஸ்மேரி. நல்ல உயரம், சாம்பல் நிறக் கார்டிகன், மெல்லிய குரல். என் பெயர் புனிதா. அவர் வாயில் அது கடைசிவரை 'புனீட்டா' தான். அவருடைய அறையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. எந்தச் சாமானும் வந்தால் தொட்டுத் துப்புரவாக்க முன் நிறுக்க வேண்டும். மண்ணோடு நிறு, கறையோடு நிறு, பிறகு தூரிகையை எடு. ஏனென்றால் பழைய பொருளில் இருந்து நீ சுரண்டி எடுத்த எதையும் திருப்பி வைக்க முடியாது. யாராவது நிறுக்காமல் கையில் எடுத்தால் அவர் ஏச மாட்டார். பக்கத்தில் வந்து உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்பார். சாமானை அந்தக் கையில் வைக்கும்வரை அசைய மாட்டார். வாங்கியதும் தராசை மூடியிருக்கும் துணியை நீக்கி, நிறுத்து, திருப்பித் தந்துவிட்டுப் போவார். ஏச்சு வாங்கியிருந்தால் பரவாயில்லை என்று இருக்கும்.

இன்னொன்று, அவர் ஒருநாளும் 'செய்' என்று சொன்னதில்லை. "இதைச் செய்ய உமக்கு ஆட்சேபனை உண்டோ?" என்றுதான் ஆங்கிலத்தில் கேட்பார். வந்த புதிதில் நான் உண்மையாகவே யோசித்து, "ஓம், கொஞ்சம் உண்டு," என்று பதில் சொல்லியிருக்கிறேன். அறையில் இருந்தவர்கள் சட்டென்று தங்கள் மேசைக்குக் குனிந்தார்கள். அது கேள்வி இல்லை, கட்டளை என்று விளங்க எனக்குச் சில காலம் எடுத்தது.

இந்தச் சண்டைக்குக் காரணமான பொட்டலம் என் மேசைக்கு வந்தது நான் நன்றாக வேலை பழகிய பிறகு. மேற்கு ஆசியாவில், இன்றைய ஈராக்கின் பக்கம், ஒரு வீட்டின் தரைக்குக் கீழே கிடந்த சட்டியிலிருந்து எடுத்ததாம். வெள்ளித் துண்டுகள் கறை பிடித்து ஒரே கட்டியாக இறுகிப்போய் இருந்தன. மேலே துணி நெய்த தடம் அப்படியே பதிந்திருந்தது. துணி உக்கிப் போய்விட்டது, அதன் இழை மட்டும் கறையில் அச்சாக நின்றது. கூடவே கறுத்த, மினுக்கிய சிறு கற்கள், பேரீச்சங்கொட்டை வடிவில்.

இங்கேதான் சனத்துக்கு விளங்குவதில்லை. காசு என்றால் தலை அடித்த வட்டம் என்று நினைக்கிறார்கள். நாணயம் அடிக்கத் தொடங்க எத்தனையோ நூற்றாண்டு முன்பே அங்கே வெள்ளி காசாக ஓடியது. எண்ணவில்லை, நிறுத்தார்கள். கம்பியோ, தகடோ, காப்போ, தோடோ, வெள்ளி என்றால் வெள்ளி. தேவையான அளவுக்கு வெட்டித் தட்டில் போட வேண்டியது. முள் நேராகவில்லையா, இன்னொரு துணுக்குப் போடு. ஷெக்கல் என்பது அவர்களுடைய நிறை. எங்கள் பத்தர்மார் குன்றிமணியும் மஞ்சாடியும் வைத்துப் பொன் நிறுத்த மாதிரி அவர்களுக்குச் சின்ன அளவு வாற்கோதுமை மணி. ஒரு ஷெக்கல் எட்டுக் கிராமுக்குச் சற்றுக் கூட. ஒரு பவுன் எட்டுக் கிராம். இதை முதன்முதலில் கணக்குப் பார்த்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஊருக்கு ஊர் நிறை கொஞ்சம் மாறுமாம். அதனால் வியாபாரிகள் மடியில் வெவ்வேறு இடத்துக் கற்களைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். அந்தக் கறுத்த கற்கள் அவைதான்.

கட்டியை நான் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்தினேன். நிறுத்து நிறுத்துத்தான். மூங்கில் குச்சி, மைக்ரோஸ்கோப், பொறுமை. துணித் தடம் இருந்த பக்கத்தைத் தொடவேயில்லை. உள்ளே கம்பிச் சுருள், உருக்கி ஊற்றிய வெள்ளியின் ஓரங்கள், பிறகு தடித்த வளைந்த ஐந்து துண்டுகள். அந்த ஐந்தும் ஒன்றோடொன்று பொருந்தின. ஒரு முழுக் காப்பு.

எங்கள் தொழிலில் பொருந்துவதைக் கண்டால் ஒட்டத்தான் கை போகும். சட்டி, சிலை, கண்ணாடி, எதுவானாலும் அப்படித்தான் பழக்கி இருக்கிறார்கள். நானும் பொருத்திப் பார்த்தேன். பிறகு ஒரு துண்டின் முனையை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். ஒரு பக்கம் உளி இறங்கிய வழுவழுப்பான சரிவு. பாதியில் உளி நிற்கிறது. அதற்குக் கீழே முறித்த சொரசொரப்பு, ஓரத்தில் மெல்லிய உதடு போல ஒரு பிதுக்கம். இன்னொரு துண்டில் நடுவே ஒரு கொத்து. உள்ளே செம்பு இருக்கிறதோ என்று வாங்கினவன் வெட்டிப் பார்த்த கொத்து. இது உடைந்த காப்பு இல்லை. வேண்டுமென்று வெட்டிய காசு.

எனக்கு அதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டி இருக்கவில்லை. நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது, ஆட்களைக் கள்ளமாக வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ரூபாய் வேண்டாம், பவுனாகத் தா என்று நின்றான். அம்மா கைக் காப்பைக் கழற்றினா. முழுதாகக் கொடுத்தால் கூடிப் போகும் என்று பத்தரிடம் கொண்டுபோனோம். அவர் உளியை வைத்து ஒரு தட்டு. பாதி இறங்கியதும் குறட்டால் பிடித்து முறித்தார். பெரிய பங்கு அவனுக்கு. மிச்சத்தை அம்மா என் பாவாடை மடிப்பில் வைத்துத் தைத்தா. அதில் ஒரு துண்டு வழியில் போனது. கடைசித் துண்டு இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. ஈஸ்ட்ஹாமில் நகைக்கடை வைத்திருக்கிற என் மைத்துனர் காணும் நேரமெல்லாம், "உருக்கி ஒரு மோதிரம் செய்து தரட்டோ?" என்று கேட்பார். தேவையில்லை. அதன் முனையிலும் அதே சரிவு, அதே சொரசொரப்பு, அதே உதடு.

அந்தச் சட்டியை வீட்டுக்குள் குழி தோண்டித் தாட்டவர் ஆரென்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்து எடுக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

இனித்தான் கண்றாவி. மியூசிய டிரெக்டருக்கு ஒரு புதுக் கண்காட்சி வேண்டி இருந்தது. காசு கொடுக்கிற குடும்பம் ஒன்று, முகப்பில் வைக்க 'மினுங்குகிற' ஏதாவது கேட்டதாம். ஐந்து துண்டு பொருந்துகிறது என்ற செய்தி எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. முனைகளைத் துப்புரவாக்கிச் சூடு காட்டிப் பற்றவைத்து, பளபளவென்று ஆக்கி, வெல்வெட் போர்த்த பொம்மைக் கையில் போடுவது. பெயரும் தயார்: இளவரசியின் காப்பு. எந்த இளவரசி? ஒருவருக்கும் தெரியாது. இருந்தால்தானே தெரிய!

நான் விடவில்லை. கூட்டத்துக்குத் தராசையே தூக்கிக்கொண்டு போனேன். ஒரு தட்டில் பொட்டலத்தோடு வந்த கற்கள், மற்றத் தட்டில் வெள்ளி முழுவதும். மண்ணுக்குள் கிடந்த வெள்ளி. கறை ஏறிக் கொஞ்சம் கூடியிருக்கும், அரிபட்டுக் கொஞ்சம் குறைந்திருக்கும். அதனால் முள் சற்று ஆடியது. ஆடி, நடுவுக்குக் கிட்ட வந்து நின்றது. இது ஒருவர் நிறுத்துக் கட்டி வைத்த காசு, ஐந்து துண்டும் அந்தக் காசில் பங்கு, வெட்டுத்தான் அதன் அடையாளம், சூடு காட்டினால் வெட்டு உருகிப் போகும், பிறகு எந்த மைக்ரோஸ்கோப்பாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர ஏலாது என்று சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன்.

டிரெக்டர் கைதட்டினார். அபாரம் என்றார். எவ்வளவு உணர்வோடு சொல்கிறீர் என்றார். அவருக்கு நான் சொன்ன எல்லாம் விளங்கியது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விளங்காமல் செய்கிறவனை மன்னிக்கலாம். "ஆனால் பழைய வெள்ளித் தூளைப் பார்க்க ஒருவரும் டிக்கெட் எடுக்க மாட்டார்கள், இல்லையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு ரோஸ்மேரியின் பக்கம் திரும்பினார்.

நானும் திரும்பினேன். தொட முன் நிறு என்று ஒரு தலைமுறையையே ஆட்டிவைத்த மனிசி. இப்போது சொல்லுவார், இப்போது கையை நீட்டுவார் என்று பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டு இருந்தார்.

"புனீட்டா, இதைச் செய்ய உமக்கு ஆட்சேபனை உண்டோ?"

"உண்டு," என்றேன். இந்த முறை விளங்கித்தான் சொன்னேன். "நான் செய்ய மாட்டேன். என்னை வேலையை விட்டு நிறுத்தினாலும் செய்ய மாட்டேன்."

"சரி. அப்படியென்றால் நானே செய்கிறேன்," என்றார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. பொட்டலத்தைத் தன் அறைக்கு எடுத்துப் போனார். கதவைப் பூட்டினார். அதற்குப் பிறகு நான் அந்த வெள்ளியைக் கையால் தொடவில்லை.

என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. இங்கே அப்படி வெளிப்படையாகச் செய்ய மாட்டார்கள். சில கிழமை கழித்து ரோஸ்மேரி என் மேசைக்கு வந்து, நகருக்கு வெளியே உள்ள களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் பொறுப்பு எனக்கு இன்னும் பொருத்தமாக இருக்கலாம் என்று நினைப்பதாகச் சொன்னார். ஜன்னல் இல்லாத இடம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். வேலை செய்ய முடியாது. ஓய்வு பெறும்வரை அங்கேதான். பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு முறையும், ஒத்துழைக்கும் சுபாவம் போதாது என்று ஒரு வசனம் எனக்கு முன்னால் போய் நின்றது. என்னோடு பயின்றவர்கள் எல்லாம் எங்கெங்கோ தலைமைக்குப் போனார்கள். நான் பெட்டிகளின் தூசியைத் தட்டினேன்.

கண்காட்சி திறந்த பிறகு காசு கொடுத்து டிக்கெட் எடுத்துப் பார்க்கப் போனேன். வெல்வெட் கையில் அது பளபளத்தது. மூட்டுகளில் ஒட்டுவதற்கு உருக்கி ஊற்றிய பற்றாசின் கோடு மெல்லியதாகத் தெரிந்தது. ரோஸ்மேரியின் கை சுத்தம், அதில் பிழை சொல்ல முடியாது. பிளேஸ்டோ பக்கத்திலிருந்து வந்த எங்கள் தமிழ் ஆட்கள் சிலரும் நின்றார்கள். "என்ன வடிவான காப்பு! எங்கட டிசைன் மாதிரியே கிடக்கு," என்று ஒரு அம்மா சொன்னா. எனக்கு வாய் துருதுருத்தது. சொல்லி என்ன, பொத்திக்கொண்டு வந்துவிட்டேன். வழி முழுக்க அழுகை. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

இதையெல்லாம் கவிதாவிடம் அடுத்த நாள் நானே போன் எடுத்துச் சொன்னேன். நாலைந்து நாள் கழித்து அவளே எடுத்தாள்.

"ஆன்ட்டி, நீங்க நேர்ல வரணும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். பற்றாசு இருந்தா மூட்டுல தனியாத் தெரியணும். ஒண்ணுமே தெரியல."

போனேன். என் பழைய மேசை, என் பழைய ஜன்னல். கவிதா ஒரு பஞ்சில் அசிட்டோனை நனைத்தாள். பெண்கள் நகப்பூச்சு அழிக்கப் பாவிக்கிற அதே சாமான். முதல் மூட்டில் வைத்து மெல்லத் தேய்த்தாள். வெள்ளி நிறப் பூச்சுக் கரைந்தது. அதற்குக் கீழே பசை. பசையும் கரைந்தது. காப்பு அவள் கையில் வாயைத் திறந்தது.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். உளிச் சரிவு அப்படியே. சொரசொரப்பு அப்படியே. உதடு கூட ஒடியவில்லை. வெளிப் பளபளப்பு முழுக்க மேலே பூசிய பூச்சு. அதுவும் கரைந்து, கீழே பழைய கறை கிடந்தது. பற்றவைத்ததாக ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, ரோஸ்மேரி வெள்ளியில் ஒரு துகளைக்கூடத் தொடவில்லை.

கவிதா ஐந்து துண்டையும் துணித் தடம் பதிந்த மற்றத் துணுக்குகளோடு தட்டில் வைத்தாள். எதிர்த் தட்டில் கற்கள். முள் ஆடியது. நடுவுக்குக் கிட்ட, அன்றைக்கு நின்ற இடத்திலேயே வந்து நின்றது.

"செம்ம ஆளு ஆன்ட்டி அவங்க! எல்லாரையும் ஏமாத்திட்டாங்க," என்று கவிதா துள்ளினாள். "போர்டுல என்ன எழுதட்டும்?"

"ஆரோ ஒருதர் ஓடிப்போகக் கட்டி வைச்ச காசு எண்டு எழுது."

"ஓடிப் போகத்தான்னு எப்படி நிரூபிக்கிறது?"

ஏலாதுதான். அந்தக் கேள்வியை அவள் கேட்டது சரி. "அப்ப காசு எண்டு மட்டும் எழுது," என்றேன். எழுதுகிறேன் என்றாள். டிரெக்டரும் மாறிவிட்டார்; இப்போது இருப்பவருக்கு வெட்டிய வெள்ளிதான் பிடிக்குமாம். இதுவும் ஒரு பாஷன்.

நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். பட்டேன்தான், ரயில் ஏறும்வரை. ஏறி இருந்ததும் எனக்குக் கொதிக்கத் தொடங்கியது. பற்றவைக்கப் போவதில்லை என்று அந்த மனிசிக்கு முதலே தெரியும். கூட்டத்தில் தேத்தண்ணி கலக்கும்போதே தெரியும். ஒரு சொல் எனக்குச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல்!

தென் லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் ரோஸ்மேரி இருக்கிறார் என்று விசாரித்து அறிந்து, அடுத்த கிழமையே போனேன். அதே சாம்பல் கார்டிகன். ஆள் சுருங்கிவிட்டார், கண் சுருங்கவில்லை. என்னைக் கண்டதும், "லவ்லி," என்றார். நான் கதிரையில் கூட இருக்கவில்லை.

"ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

என்னத்தை என்று அவர் நடிக்கவில்லை. "சொன்னால் உம்முடைய கோபம் போயிருக்கும். நீர் அப்படிக் கோபமாகத் திரிந்ததால்தான் நான் பற்றவைத்துவிட்டேன் என்று டிரெக்டர் நம்பினார். சந்தேகம் வந்திருந்தால் வெளியே யாரிடமாவது கொடுத்து உண்மையாகவே பற்றவைத்திருப்பார்."

யோசித்துப் பார்த்தேன். சரிதான். அவர் சொன்னதில் பிழை பிடிக்க முடியவில்லை. அதனால் ஆத்திரம் இரண்டு மடங்காகியது. "களஞ்சியத்துக்கு அனுப்பினதும் அதற்குத்தானோ?" என்றேன்.

"நீர் மியூசியத்திலேயே இருந்தால் ஒருநாள் கிட்ட வந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடுவீர்," என்றார். பாராட்டுகிற மாதிரிச் சொன்னார். பிறகு முன்னால் சாய்ந்தார். "முள் நேராக நின்றதா?"

"நின்றது."

"வெட்டு முனைகள்?"

"அப்படியே இருக்கு."

"சோதித்துப் பார்த்த அந்தக் கொத்து?"

"அதுவும் இருக்கு."

"லவ்லி," என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் நின்றேன். அங்கே வேலை செய்கிற ஒரு பிள்ளை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. அது ஆறும்வரை நின்றேன். அந்த வருஷங்கள் எப்படிப் போயின, அந்த ஜன்னல் இல்லாத இடத்தில் என்ன செய்தீர், ஒன்றாவது கேட்பார் என்று. கேட்கவில்லை. என் பையை எடுத்துக்கொண்டு கதவடிக்கு வந்துவிட்டேன்.

"புனீட்டா."

திரும்பினேன். அவர் கண்ணைத் திறந்து, உள்ளங்கையை என் பக்கம் நீட்டிக்கொண்டு இருந்தார். சரி, இப்போதாவது என்னைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"துணியின் தடம்?" என்றார். "அது அழியாமல் இருக்கிறதா?"

"இருக்கு," என்றேன். "ஒண்டும் குறையேல்லை!" என்று தமிழிலேயே கத்திவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினேன். அந்தச் சத்தம் கட்டிடம் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.